அடுத்த மரம் வரை

ஒரே மருத்துவமனையில், ஒரே வாரத்தில், ஒரே வைத்தியரின் கையால் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்றுக்கொண்ட இருவரில் ஒருவர் மூன்று மாதத்துக்குள் மலைச்சரிவில் ஏறி இறங்கி நடமாடவும், மற்றவர் சமதரையில், சிமெண்டு பூசிய சொந்த வீட்டு முற்றத்தில், பிறர் தோளைப் பற்றாமல் ஓரடி வைக்க அஞ்சிக் கட்டிலோடு கிடக்கவும் நேருமானால், அந்த வித்தியாசத்துக்குக் காரணத்தை எங்கே போய்த் தேடுவது? எக்ஸ்-ரே படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் இரண்டு மூட்டுகளும் ஒன்றுபோலவே பொருந்தியிருக்கின்றன. இருவருக்கும் காயம் ஆறிவிட்டது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. அதற்கும் மேலே, நடக்கத் தொடங்கியவர் வயதில் மூத்தவர். கட்டிலில் கிடப்பவரோ அவருக்குப் பத்து வயது இளையவர், வசதியும் உடையவர்.

மூத்தவர் என்று சொன்னது ஏற்காட்டு மலையில், தலைச்சோலையில் எங்கள் வீட்டுக்கு மேல்சரிவில் குடியிருக்கும் ஒரு மூதாட்டியை. அறுபதைக் கடந்த பிறகும் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போவதை நிறுத்தாதவர். மார்கழி மாதத்துக் காலை ஒன்றில், பனி படிந்த சரிவில் கால் வழுக்கி, இடுப்பில் கட்டிய பழப்பையோடு விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது; ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பல்லைக் கடித்தபடி எண்ணிக்கொண்டே சேலத்துக்கு இறங்கியதாகச் சொன்னார். இளையவர் சேலம் நகரத்து வியாபாரி. அவருக்கு விபத்து ஏதும் இல்லை. தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்த ஓட்டம் குன்றி, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்து, நாளடைவில் நைந்து உருக்குலைந்துபோயிற்று. மேலைநாடுகளில் இந்தச் சிகிச்சைக்கு வருவோரில் பெரும்பாலோர் முதுமையால் மூட்டுத் தேய்ந்தவர்கள். நம் நாட்டிலோ இவரைப் போல நடுவயதிலேயே எலும்புத் தலை நைந்து வருவோர் மிகப் பலர்.

இரண்டு பேரைப் பார்த்துவிட்டு ஒரு விதியை வகுத்துவிடுவது விஞ்ஞானம் ஆகாது என்பதை நான் அறிவேன். ஆனால் இவ்விருவரையும் அடுத்தடுத்துப் போய்ப் பார்த்து வந்த நாட்களில் என் மனத்தில் எழுந்த கேள்விக்கு, உலகத்தின் பல மூலைகளில், அறுபது எழுபது ஆண்டுகளாகப் பொறுமையோடு விடை தேடியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது, அதை நம் மக்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றிற்று.

முதலில் மூட்டைப் பற்றி. நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழியில் குழவி எப்படி எல்லாப் பக்கமும் சுழல்கிறதோ அப்படியே இடுப்பெலும்பின் கிண்ணத்தில் தொடை எலும்பின் உருண்டைத் தலை சுழல்கிறது. ஒரே ஒரு வேற்றுமை, ஆட்டுக்கல் சொரசொரப்பாக இருந்தால்தான் மாவு அரைபடும், இடுப்பு மூட்டோ வழவழப்பாக இருந்தால்தான் மனிதன் நடக்க முடியும். அந்த வழவழப்பைத் தரும் குருத்தெலும்பு அழிந்துவிட்டால் ஒவ்வோர் அடியும் அரைபடும் வேதனைதான். சேதமுற்ற தலையை அறுத்தெடுத்துவிட்டு, தொடை எலும்பின் உட்புழையில் ஓர் உலோகத் தண்டைச் செருகி, அதன் உச்சியில் உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன பந்தைப் பொருத்தி, எதிரே வழவழப்பான ஒரு கிண்ணத்தைப் பதித்துவிடுவதே மாற்றுச் சிகிச்சை. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் அறுவை வல்லுநர் இதற்காகப் பட்ட பாடு ஒரு தனிக் காவியம். முதலில் டெஃப்லான் என்னும் வழுக்குப் பொருளால் அவர் செய்த கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த சதையைக் கெடுத்துவிட்டன. அவர் தளர்ந்துவிடவில்லை, 1962-ஆம் ஆண்டின் இறுதியில் அடர்ந்த பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கைக் கையாளத் தொடங்கினார். இரண்டு பொருள்களையும் தம் தொடையிலேயே புதைத்துக்கொண்டு, எது உடலோடு ஒத்துப்போகிறது என்று சோதித்துப் பார்த்தவர் அவர். அவர் வகுத்த வழி பலித்தது எவ்வளவு என்றால், 2007-இல் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் இடுப்பு மூட்டு மாற்றத்தை நூற்றாண்டின் அறுவைச் சிகிச்சை என்று வருணித்து ஒரு கட்டுரை வெளியிட்டது.

இத்தனை சிறப்புடைய சிகிச்சைக்குப் பிறகும், நெடுநாள் வலியைப் பற்றிய ஆராய்ச்சிகளை எல்லாம் ஒன்றுதிரட்டி 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 7 முதல் 23 பேர் வரை பிற்காலத்திலும் வலி தொடர்வதாகக் கூறுகிறார்கள் என்று கண்டது. பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள் என்ற மகிழ்ச்சியும், தேறாதோர் ஒரு சிறு தொகையினர் இருந்தே தீருகிறார்கள் என்ற கவலையும் அந்த எண்களில் ஒருங்கே இருக்கின்றன. அவர்களில் சிலருக்கு மூட்டிலேயே கோளாறு இருக்கலாம். மற்றவர்களுக்கு?

மூட்டுப் புதியதானாலும் அதைச் சுற்றியுள்ள தசைகள் பழையவை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். தசைக்கு ஒரு சுபாவம் உண்டு; வேலை கொடுத்தால் வளரும், கொடுக்காவிட்டால் கரையும். 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சராசரியாக 67 வயதுடைய, எந்த நோயும் இல்லாத 12 பேரைப் பத்தே நாள் படுக்கையில் படுத்திருக்கும்படி செய்து பார்த்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்துபோயிருந்தது. நோயற்ற சரீரத்துக்கே இந்தக் கதி என்றால், கத்தி பட்ட சரீரத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. ஆகையால்தான் அறுவை முடிந்த மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, நோயாளியை எழுப்பி நிறுத்துகிறார்கள். காலில் இரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் அது ஒரு வழி. அப்படியானால் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: அந்த மனிதர் எழுந்து நடக்கிறாரா, இல்லையா? நடப்பதற்குத் தசை வேண்டும் என்பது உண்மை. ஆனால் நடக்கத் துணிவது தசையின் வேலை அன்று.

துணிவுக்கு எதிரே நிற்பது வலி. வலி என்பது காயத்திலிருந்து மூளைக்குப் போகும் ஒரு தந்தி என்றும், காயம் பெரிதானால் வலி பெரிது, சிறிதானால் சிறிது என்றும் நாம் எண்ணியிருக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மயக்க மருந்து வல்லுநரும் அவ்வாறுதான் எண்ணியிருந்தார். குண்டு பட்டு எலும்பு நொறுங்கி, வயிறு கிழிந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, நூற்றுக்கு 32 பேர்தாம் வேண்டும் என்றார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியபின், மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட சாதாரணக் குடிமக்களிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவர்களுடைய காயங்கள் சிப்பாய்களின் காயங்களைவிடச் சிறியவையாயிருந்தும், நூற்றுக்கு 83 பேர் மருந்து கேட்டார்கள். சிப்பாய்க்கு அந்தக் காயத்தின் பொருள், போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டோம், இனி வீட்டுக்குப் போகலாம் என்பது. குடிமகனுக்கோ, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் ஓர் இடி விழுந்துவிட்டது என்பது. காயத்துக்கு மனம் கொடுக்கும் பொருளே வலியின் அளவைப் பெரிதும் நிர்ணயிக்கிறது என்று பீச்சர் முடிவு கட்டினார்.

இது எவ்வாறு கூடும் என்பதற்கு 1965-இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். அவர்களது கருத்தை நம் ஊர் வழக்கில் மதகுக் கொள்கை என்று அழைப்பது மிகப் பொருந்தும். ஏரியில் நீர் எவ்வளவு இருந்தாலும் வயலுக்கு வருவது மதகு திறந்திருக்கும் அளவுதான். அதுபோல, உடலின் மூலைமுடுக்குகளிலிருந்து வரும் வலிச் செய்தி நேரே மூளைக்குப் போய்விடுவதில்லை. முதுகுத் தண்டில் ஒரு மதகைத் தாண்டியாக வேண்டும். அந்த மதகை அடைக்கவும் திறக்கவும் இரண்டு வகையில் முடியும். இடித்துக்கொண்ட முழங்காலைத் தாய் தேய்த்துவிட்டதும் குழந்தையின் அழுகை அடங்குகிறதே, அது கீழிருந்து வரும் தொடுஉணர்ச்சி மதகைச் சற்றே தாழ்த்தியதன் விளைவு. மேலிருந்து மூளையும் தன் கட்டளையை அனுப்புகிறது. பயமும் கவலையும் மிகும்போது மதகு அகலத் திறந்துகொள்கிறது, மனம் அமைதியுறும்போதும் வேறொன்றில் ஈடுபடும்போதும் குறுகுகிறது. அந்த இருவர் வரைந்த நரம்புப் படத்தின் நுட்பங்கள் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டன. ஆயினும் மூளை வலியை வாங்கிக்கொள்வதோடு நில்லாமல் அதை அடக்கியாளவும் செய்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. ஆகவே, பயந்தவன் சொல்லும் வலி பொய் வலி அன்று. அவனுக்கு மெய்யாகவே அதிகமாக வலிக்கிறது. இதை வீட்டார் உணர்ந்துகொண்டால், எல்லாம் உங்கள் மனப்பிரமை என்ற கொடிய வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வராது.

இப்போது அந்த வியாபாரியின் கட்டிலருகே போவோம். முதல் நாள் எழுந்து நின்றபோது தொடையில் சுரீரென்று ஓர் இழுப்பு. மூட்டுக் கழன்றுவிட்டதோ என்று அவர் கூவினார். அருகே இருந்த பிள்ளைகள், "அப்பா, அசையாதீங்க, நாங்க இருக்கோம்ல" என்று படுக்க வைத்துவிட்டார்கள். அன்பினால் சொன்னதுதான். ஆனால் படுத்ததும் வலி அடங்கியது. அடங்கவே, படுத்திருப்பதுதான் பத்திரம் என்ற பாடம் மனத்தில் பதிந்தது. மறுநாள் எழுவதற்கு முன்பே பயம் வந்தது, பயம் மதகைத் திறந்தது, முன்னிலும் அதிகமாக வலித்தது, மீண்டும் படுக்கை. நாட்கள் செல்லத் தசை கரைந்து, மூட்டு இறுகி, இம்முறை நிற்பதே உண்மையாகக் கடினமாயிற்று. தம் பயம் நியாயமானதுதான் என்பதற்கு இப்போது அவருக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது.

இந்தச் சுழலை ஆராய்ச்சியாளர்கள் 1980-களிலிருந்தே விவரித்து வருகிறார்கள். அசைந்தால் கேடு வரும் என்னும் பயத்தை இயக்க அச்சம் என்று சொல்லலாம். சிறு வலியைக் கண்டவுடன், இனி நான் நடக்கவே போவதில்லை, பிறருக்குப் பாரமாகிவிட்டேன் என்று கடைசி வரைக்கும் போய்விடுகிற மனப்போக்கை விபரீத சிந்தனை என்று பெயரிடலாம். இவற்றுக்கு நேர் எதிரான ஒன்று உண்டு; என்னால் இது ஆகும் என்று ஒரு குறிப்பிட்ட காரியத்தைப் பற்றி ஒருவர் கொள்ளும் உறுதி. ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலாளர் 1977-இல் அதை விளக்கினார். தன்திறன் நம்பிக்கை என்று தமிழில் வைத்துக்கொள்வோம். பொதுவான தைரியம் வேறு, இது வேறு. புலியை எதிர்க்கத் துணிந்தவனுக்கும் குளியலறைப் படி மூன்றையும் தன்னால் இறங்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாதிருக்கலாம். இந்த நம்பிக்கை உபதேசத்தால் வளர்வதைக் காட்டிலும், சிறிதாயினும் ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தால் மிகுதியாக வளர்கிறது என்பதே பண்டூராவின் முக்கியமான கண்டுபிடிப்பு. எங்கள் மலையில் ஆள் நடமாடாத ஒற்றையடிப் பாதையை ஒரு மழைக்காலத்துக்குள் உண்ணிச்செடி மூடிவிடும். பாதை இருந்த சுவடே தெரியாது. அரிவாள் கொண்டு முழுவதையும் ஒரே நாளில் வெட்டித் திறக்க முயல்கிறவன் கைதான் கிழிபடும். நாளுக்குப் பத்தடியாக நடந்து மிதித்தே திறந்துகொள்கிறவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

சொல்வதெல்லாம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் மெய்தானா என்று எவ்வாறு அறிவது? பயந்தவர்கள் மெதுவாகத் தேறுகிறார்கள் என்று கணக்கெடுத்துச் சொன்னால் மட்டும் போதாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். அல்லது, அவர்களுக்கு முன்பே வலி மிகுதியாயிருந்து, அந்த வலியே மனச்சோர்வையும் தாமதத்தையும் சேர்த்து உண்டாக்கியிருக்கலாம். பல ஆண்டு மூட்டு வலியால் சோர்ந்திருந்தவர்கள் அறுவைக்குப் பின் வலி நீங்கியதும் முகம் மலர்வதை நாம் காணவில்லையா? காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறிய வேண்டுமானால், மனத்துக்கு ஏதேனும் ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதை நம் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலுக்கு விட வேண்டும்.

1964-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் என்னும் மயக்க மருந்து வைத்தியரும் அவருடைய தோழர்களும் அறிக்கையிட்ட பரிசோதனை இந்த வகையில் முன்னோடியானது. வயிற்றில் அறுவை செய்துகொள்ள இருந்த 97 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினரிடம், அறுவைக்கு முந்தின இரவே, எந்த இடத்தில் வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் இருக்கும், தசை இறுகுவதால்தான் அந்த வலி வருகிறது, தசையைத் தளர்த்துவது எப்படி, படுக்கையில் புரளுவது எப்படி என்றெல்லாம் ஒளிக்காமல் சொன்னார்கள். வலிக்கவே வலிக்காது என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். விளைவு என்ன? விஷயம் அறிந்திருந்த பிரிவினர் கேட்டு வாங்கிய வலி மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யார் எந்தப் பிரிவு என்று அறியாத அறுவை வைத்தியர்கள், இவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்துச் சீசாவில் அடைக்க முடியாத ஒன்று, உண்மையான பேச்சு, மருந்தின் வேலையில் பாதியைச் செய்துவிட்டது.

எங்கள் மலைக்கு மிக அருகே வரும் இன்னொரு சான்று. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த 23 பேரையும், வயதிலும் மற்ற நிலைகளிலும் அவர்களை ஒத்து, செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த 23 பேரையும் பழைய ஏடுகளிலிருந்து எடுத்து ஒப்பிட்டார். மரத்தைக் கண்டவர்கள் 7.96 நாளிலும் சுவரைக் கண்டவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பியிருந்தார்கள்; கடுமையான வலி மருந்தும் முன்னவர்கள் குறைவாகவே வாங்கியிருந்தார்கள். சிறிய ஆராய்ச்சிதான், இடுப்பு மூட்டைப் பற்றியதும் அன்று. அதன் மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. ஆனாலும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்த எங்கள் சரிவை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு படுத்திருந்த அந்த மூதாட்டியை எண்ணும்போது, எனக்கு அது நினைவுக்கு வராமல் இராது.

காயம் ஆறுவதே மனத்தைப் பொறுத்து மாறக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்னும் அம்மையாரும் குழுவினரும், நினைவிழந்த உறவினரை நெடுங்காலமாகப் பேணிவந்த 13 பெண்களின் கையிலும், அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களின் கையிலும் ஒரே அளவான சின்னஞ்சிறு காயம் ஒன்றை உண்டாக்கிக் கவனித்து, சுமை தாங்கியவர்களுக்கு அது ஆற ஒன்பது நாள் அதிகமாயிற்று என்று 1995-இல் அறிவித்தார்கள். ஓயாத மனக்கவலை சரீரத்தில் சுரக்கச் செய்யும் சில ரசங்கள், காயத்தைச் சீர்செய்ய வரும் அணுக்களைத் தாமதப்படுத்துகின்றன. நோயாளியைப் பேணும் மனைவிக்கும் மகளுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்!

இவ்வளவும் சொன்ன நான், எதிராக வந்த சான்றை மறைத்தால் நேர்மையாகாது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்கு முன்னால் நோயாளிகளுக்கு விஷயங்களைக் கற்பிப்பதைப் பற்றிய 18 பரிசோதனைகளையும், அவற்றில் பங்குகொண்ட 1,463 பேரையும் 2014-இல், மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர் ஒன்றாக அலசிப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்புக்கு மேல் தனிப்பட்ட கற்பிப்பால் வலியிலோ நடையிலோ பெரிய லாபம் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படியானால் எக்பர்ட் கண்டது பொய்யா? நான் அவ்வாறு கருதவில்லை. 1964-இல் புதுமையாக இருந்தது இன்று அந்த நாடுகளில் வழக்கமான கவனிப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? அலசியவர்களே, மிகுந்த கவலையோ மனச்சோர்வோ பொருந்தாத எதிர்பார்ப்போ உடையவர்களுக்கு இது பயன்படக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கமான கவனிப்பு என்பது நம் நாட்டில் எல்லா வார்டுகளிலும் ஒரே தரத்தில் இல்லை. குடம் பாதி காலியாக இருக்கும் இடத்தில் ஊற்றும் நீர் வீணாகாது என்பது என் அபிப்பிராயம்.

அந்த மூதாட்டிக்கு வாய்த்தது ஒரு நல்ல செவிலி. "ஏனுங்கம்மா, உள்ள வெச்ச இரும்பு நடந்தாக் கழண்டு போயிடாதுங்களா?" என்று இவர் கேட்டதற்குச் சிரித்துக் கடந்துவிடாமல் அருகில் உட்கார்ந்து, "நாளைக்கு உங்களை எழுப்பி நிறுத்துவோம். தொடை கனக்கும், தையல் போட்ட இடம் இழுக்கும், தலை கொஞ்சம் சுத்தும். அது கால் கெட்டுப்போனதுக்கு அடையாளம் இல்லை, கால் வேலை செய்ய ஆரம்பிச்சதுக்கு அடையாளம்" என்று அந்த அம்மாள் சொன்னாராம். எக்பர்டின் பெயரைக் கூட அவர் கேட்டிருக்க மாட்டார். மறுநாள் சொன்னபடியே கனத்தது, இழுத்தது, தலை சுற்றியது. சொன்னது பலித்ததனால் மூதாட்டிக்குப் பயத்துக்குப் பதில் நம்பிக்கை பிறந்தது.

மலைக்குத் திரும்பிய பிறகு நடந்ததை நான் நேரில் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேரன் வாக்கரை எடுத்து முன்னே வைப்பான். வீட்டு வாசலிலிருந்து தோட்டத்துக்குப் போகும் மண்பாதையின் ஓரம் வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. "ஆயா, இன்னிக்கு அடுத்த மரம்" என்பான் அவன். முதல் மரத்தைத் தொட்டுத் திரும்ப நான்கு நாள் ஆயிற்று. தொட்ட மரத்தின் பட்டையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுவான். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் திரும்ப ஆயாவுக்கே மனம் வராது. மூன்றாம் வாரத்தில் வாக்கரின் கால் ஒரு கல்லில் தட்டித் தடுமாறியபோது, விழவில்லை என்றாலும் பயம் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வியாபாரி வீட்டில் நேர்ந்தது இங்கும் நேர்ந்திருக்கும். ஆனால் ஆறாம் நாள் பேரன், விட்ட ஏழாவது மரத்துக்கு அழைக்காமல், "முதல் மரம் மட்டும் போய்ட்டு வந்துடலாம், ஆயா" என்றான். பத்து வயதுச் சிறுவனுக்கு அந்த விவேகத்தை யார் கற்றுக் கொடுத்தார்களோ!

எதிர்பார்ப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. அறுவைக்குப் பின் வரும் திருப்தி, நினைத்தது நிறைவேறிற்றா என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஆனால் நோயாளி எதை நினைத்திருந்தார் என்பதைக் கேட்பவர் மிகச் சிலர். மேலைநாட்டு வினாத்தாள்கள் படியேறுவதையும் காரில் ஏறுவதையும் கேட்கின்றன. நம்மவர் மனத்தில் இருப்பவை வேறு. தரையில் சம்மணமிட்டுப் பந்தியில் உட்காரலாமா, குந்தி உட்கார்ந்து மலங்கழிக்கலாமா, கோயிலில் விழுந்து வணங்கலாமா என்பவை. பின்பக்கமாகத் திறந்து மூட்டை வைத்திருந்தால், இடுப்பை நேர்க்கோணத்துக்கு மேல் மடக்குவதும் காலைக் குறுக்கே போடுவதும் தாழ உட்காருவதும் முதல் வாரங்களில் மூட்டைக் கழற்றிவிடக்கூடும் என்று எச்சரிப்பார்கள். இந்த மூதாட்டி கேட்க விரும்பியது ஒன்றே ஒன்று: "சேர்வராயன் சாமி குகைக்குள்ள குனிஞ்சு போக முடியுமுங்களா?" அந்தக் குகையின் வாயில் தாழ்ந்தது, குனியாமல் உள்ளே போக இயலாது. இதை வைத்தியரிடம் கேட்கக் கூசி, ஒருவரிடமும் சொல்லாமல், போக முடியாதென்று தாமே முடிவு செய்துகொண்டு பல இரவு அழுதிருக்கிறார். மறுபரிசோதனைக்குப் போனபோது மகன் கேட்டான். சில மாதம் பொறுங்கள், பிறகு பார்த்துச் சொல்கிறேன், அதுவரை வாயிலில் நின்று கும்பிடுங்கள் என்றாராம் வைத்தியர். கேட்டு முடிக்க ஒரு நிமிஷம் பிடிக்கவில்லை. அத்தனை இரவும் அழுதது அந்த ஒரு நிமிஷம் கிடைக்காமையால்தான்.

மனத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தேறாதவர்களை எல்லாம் மனோதிடம் இல்லாதவர்கள் என்று பழிக்கத் தொடங்கிவிடுவோம். காய்ச்சல் கண்டால், காயத்திலிருந்து நீர் கசிந்தால், கெண்டைக்கால் வீங்கி நொந்தால், திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ, கால் திடீரெனக் குட்டையானதுபோலத் தோன்றி அசைக்க முடியாமற்போனால், குறைந்துகொண்டு வந்த வலி மறுபடியும் ஏறினால், அங்கே உற்சாக மொழிகளுக்கு வேலை இல்லை. உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். சோர்வு வாரக்கணக்கில் நீங்காமல் உறக்கத்தையும் உணவையும் கெடுக்குமானால், அதுவும் சிகிச்சைக்குரிய ஒரு நோயே. மறைக்க வேண்டிய குற்றம் அன்று.

நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு, ஒருகாலத்தில் செல்வர்க்கே உரியதாயிருந்த இந்த மூட்டு, கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கும் எட்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதையும் தன் கடமைகளில் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. உலோகத்துக்குப் பணம் கிடைத்துவிட்டது, பயிற்சிக்கு ஆளும் உண்டு. எஞ்சியிருப்பது வீட்டாரும் உறவினரும் பேசும் பேச்சு. மூதாட்டி வைகாசியில் சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் குகை வாயிலில் நின்றார். பூசாரி தீர்த்தத்தை வெளியே கொண்டுவந்து கொடுத்தார். வியாபாரியும் பின்னர் நடந்தார்; ஆனால் இயன்முறைப் பயிற்சியாளர் ஒருவர், நோயாளிக்குச் சொல்லுமுன் பிள்ளைகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு, ஆறாம் மாதத்தில்.

ஆகையால், மூட்டு மாற்றிக்கொண்டு வந்திருக்கும் ஒருவரைக் காண ஆரஞ்சுப் பழப் பையோடு நீங்கள் போகும்போது, பத்திரம், அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். இன்று எதுவரை நடந்தீர்கள் என்று கேளுங்கள். வைத்தியர் அனுமதித்த தூரமாக இருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு அதுவரை கூடவே நடந்துவிட்டு வாருங்கள்.